ஆடுற சாமியோட பேரு

என் வீட்டுக்காரர் பேரு பரமசிவம். இப்ப எத்தன தடவ வேணாலும் சொல்லுவேன், நடுத்தெருவுல நின்னு கூப்பிடச் சொன்னாலும் கூப்பிடுவேன். ஐம்பத்தேழாம் வருசம் ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தாப் போதும், அன்னைக்குத்தான் வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி நின்னேன். புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிரும்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க. பேரு மட்டுமில்ல, பேருல ஒட்டியிருக்கிற எதையும் வாயில வர விடமாட்டேன். சிவன் கோயில்னு சொல்லமாட்டேன், ஆர்ச்சர்ட் ரோட்டுக் கோயில்னுதான் சொல்லுவேன். சிவராத்திரி எனக்கு முழிச்சிருக்கிற ராத்திரி. தேக்கா மார்க்கெட்டுல சிவப்புக் கீரை வாங்குறதுன்னாக்கூட கையக் காட்டித்தான் வாங்குவேன். பக்கத்து அறை ஆமினா பீவி விழுந்து விழுந்து சிரிப்பா. ஏதோ அவ மட்டும் தன் புருசன் பேரச் சொல்லிக் கூப்பிடுறவ மாதிரி.

நாங்க அப்ப நோரிஸ் ரோட்டுல ஒரு மாடியறையில இருந்தோம். ஒரே மாடியில ஏழு குடும்பம், ஒரே அடுப்படி. அவருக்கு பாலஸ்டியர் ரோட்டுப் பக்கம் ஒரு சோடா கம்பெனியில வேல. வெள்ளைக்காரன் கம்பெனி. ஜப்பான்காரன் போன மறு வருசம், நாப்பத்தாறுல சேந்தவரு. ஸ்டோர்ல என்ன உண்டோ அத்தனையும் அவரு பொறுப்பு. சீனி மூட்டை, எசன்ஸ் டின்னு, போத்தல் மூடி, காலிப் போத்தல் பெட்டி, மெசினுக்கு வேண்டிய ரப்பர் வளையம் வரைக்கும் எது எங்க இருக்கு, எத்தன இருக்குன்னு கேட்டா தூக்கத்துலகூடச் சொல்லுவாரு. கணக்கெல்லாம் தூணுல சாக்பீஸால தமிழ்ல எழுதி வச்சிருப்பாரு. காலையில ஆறு மணிக்கு ஸ்டோர் கதவத் தொறக்கிறதும் அவருதான், பூட்டுறதும் அவருதான். ஆனா ஸ்டோர்க்காரர்னு ஒரு பேரு உண்டான்னு கேட்டா, இல்ல. நாள் சம்பளக் கூலி. ஒரு நாளைக்கு நாலு வெள்ளி. போனா காசு, படுத்தா பட்டினி.

ஒரு வருசம் பெரிய மழையில கம்பெனிக்குள்ள தண்ணி பூந்திருச்சு. மத்தவங்கெல்லாம் வீட்டுக்கு ஓடிட்டாங்க. இவரு ஒத்த ஆளா நின்னு நூத்துக்கும் மேல சீனி மூட்டைய மேல்தட்டுக்கு ஏத்தியிருக்காரு. மறுநாள் வந்த துரை, மூட்டையெல்லாம் நனையலங்கிறதப் பாத்துட்டு நல்லதுன்னு சொன்னாராம். அத வீட்டுல வந்து என்கிட்ட அவ்வளவு சந்தோசமாச் சொன்னாரு. அன்னைக்கும் நாலு வெள்ளிதான். அந்த மழைக்கு அப்புறந்தான் அடிவயித்துல வலது பக்கம் ஒரு வீக்கம் கண்டுச்சு. குனிஞ்சா வெளிய வரும், படுத்தா உள்ள போகும். யாருகிட்டயும் மூச்சு விடல. எனக்கே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். என்னத்தச் சொல்ல, வாயில்லாப் பூச்சி.

ஐம்பத்தேழு தைப்பூசம் முடிஞ்சு ரெண்டாவது வாரம், ஸ்டோருக்குக் கணக்கு எழுதப் புதுசா ஒரு கிராணிய எடுத்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, இங்கயே பொறந்து வளந்த பையன், இருவத்தி நாலு வயசு. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். பேரு அம்பலவாணர். அந்தப் பையனுக்காக ஸ்டோர்ல ஒரு மேசை போட்டாங்க, நாற்காலி போட்டாங்க, மேல காத்தாடி மாட்டினாங்க. பதினோரு வருசமா என் வீட்டுக்காரர் அதே எடத்துல வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னாரு, அப்ப ஒருத்தனுக்கும் காத்தாடி ஞாபகம் வரல. பையனுக்கு மாசச் சம்பளம் நூத்தித் தொண்ணூறு வெள்ளி. அதுவும் இவரு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னைக்கு மழை வரும்போல இருக்குன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்லிட்டுச் சோத்துல ரசத்த ஊத்திக்கிட்டாரு.

"உங்க சம்பளத்துல ரெண்டு பங்கு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"ன்னு கேட்டேன். "அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் தெரியும் தங்கம்"னாரு. அவ்வளவுதான். இங்கிலீஷ் தெரிஞ்சா மூட்டை தானா நடந்து மேல ஏறுமான்னு நான் கத்தினது கீழ ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

சரி, கிராணி வந்துட்டான், இவருக்கு வேலையாவது கொறையும்னு பாத்தா அதுவும் இல்ல. கூடிப் போச்சு. முன்னெல்லாம் தூணுல ரெண்டு கோடு போட்டா வேல முடிஞ்சுது. இப்ப எல்லாத்தையும் பேரேட்டுல இங்கிலீஷ்ல எழுதணும். பையனுக்கு மூடி எது, வளையம் எதுன்னு தெரியாது. இவரு எண்ணணும், எண்ணிச் சத்தமாச் சொல்லணும், அவன் உக்காந்து எழுதணும். எழுதினது தப்பாப் போனா இவரு மறுபடி எல்லாத்தையும் எறக்கி எண்ணணும். ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றவரு எட்டு மணிக்கு வர ஆரம்பிச்சாரு. அந்த ரெண்டு மணி நேரத்துக்குக் காசு கெடையாது. தெனமும் கோப்பிக் கடையில ஒரு டீ வாங்கிக் குடுத்தானாம் அந்தப் பையன். அத ஒரு பெருமையா இவரு சொல்லுவாரு. நான் அந்த அம்பலவாணரத் திட்டாத நாளே கெடையாது. துணி தொவைக்கும்போது திட்டுவேன், அரிசி களையும்போது திட்டுவேன். பையனோட மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல.

ஆனி மாசம் வலி தாங்காம ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடலிறக்கம், உடனே ஆபரேசன் பண்ணணும், ரெண்டு வாரம் படுக்கணும், அப்புறம் ஒரு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இல்லாட்டி ஒரு நாள் கொடல் மாட்டிக்கிட்டு உசுருக்கே ஆபத்துன்னாரு. மாசச் சம்பளக்காரங்களுக்குச் சம்பளத்தோட லீவு உண்டு. நாள் கூலிக்கு ஒண்ணும் கெடையாது. ஆறு வாரம் போகலன்னா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாங்க, கம்பெனி வாசல்ல தெனமும் பத்துப் பேரு நிக்கிறான். ஒண்ணு உசுரு, இல்ல வேல. ரெண்டும் வேணும்னா சம்பளத்தோட லீவு வேணும். துரைகிட்டக் கேளுங்கன்னு நான் நச்சரிச்சதுல ஒரு நாள் போனாரு. போய் ரூம் வாசல்ல நின்னுட்டு, துரை போன்ல பேசிக்கிட்டு இருந்தாருன்னு திரும்பி வந்துட்டாரு. வாயத் தொறந்து கேட்டாத்தானே, நீங்க நிக்கிறதப் பாத்து அவனுக்குத் தானா விளங்குமா, வாயத் தொறங்க, வாயத் தொறங்கன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவரு அடிவயித்தப் புடிச்சுக்கிட்டு சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டாரு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நானே போறதுன்னு. ஆமினா பீவியோட புருசன் சாகுல் ஹமீது அதே கம்பெனியில லோரி ஓட்டுறவரு. ராபின்சன் ரோட்டுல தலைமை ஆபீஸ் இருக்கு, அங்க ஏரம்பமூர்த்தின்னு ஒரு பெரிய கிராணி, தங்கமான மனுசன், தமிழ்ல பேசுவாருன்னு அவருதான் சொன்னாரு. ஒரு புதன்கிழமை, வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் இருக்கிறதுலயே நல்ல சேலையா ஒண்ணக் கட்டிக்கிட்டு டிராலி பஸ் ஏறிட்டேன். அவருகிட்டச் சொல்லல. சொன்னா விடமாட்டாரு.

ஏரம்பமூர்த்தி ஐயா வயசானவரு, நெத்தியில லேசா திருநீறு, வெள்ளைக் காற்சட்டை. என்ன உக்காரச் சொன்னாரு. அவரு பேசின ஒடனே தெரிஞ்சுபோச்சு, அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்னு. அங்கதான் நான் கெட்டிக்காரத்தனமா ஒண்ணு நெனச்சேன். புதுசா வந்த அம்பலவாணரப் பத்தி இவருகிட்டக் குத்தம் சொன்னா இவருக்குக் கோவம் வருமோ என்னமோ, அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்னு வாயக் கட்டிக்கிட்டேன். பதினோரு வருசம்னு ஆரம்பிச்சா, நேத்து வந்தவனுக்கு ரெண்டு பங்கான்னு அடுத்த சொல்லு தானா வந்துரும், என் வாயப் பத்தி எனக்குத் தெரியாதா. அதனால அதையும் விட்டுட்டேன். மத்ததெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரங்க பாலஸ்டியர் பாக்டரி ஸ்டோர்ல இருக்காங்க, காலையில போனா இருட்டினப்புறந்தான் வர்றாங்க, எல்லாப் பொறுப்பும் அவுங்க தலையிலதான், தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துருச்சு, சம்பளத்தோட லீவு குடுத்தீங்கன்னா ஆபரேசன் பண்ணிக்குவாங்க, கொஞ்சம் சம்பளமும் கூட்டிக் குடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஐயா எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. அப்புறம் ஒரு பட்டியல எடுத்து முன்னால வச்சுக்கிட்டு, புருசன்ர பேர் என்னன்னு கேட்டாரு.

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். சாமி பேருன்னேன். எந்தச் சாமின்னாரு. ஆர்ச்சர்ட் ரோட்டுக் கோயில் சாமின்னேன். அவருக்கு வெளங்கல. என் வீட்டுக்காரருக்கு அப்ப உடம்பு இருந்த நெலமையில, பேரச் சொல்லி ஏதாவது ஆயிருச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது? தலையில நிலா வச்சிருப்பாருங்களே ஐயா, ஆடுற சாமின்னு சொல்லி, வெக்கத்த விட்டு ஒரு கையத் தூக்கி, சேலைக்குள்ள ஒரு காலையும் லேசாத் தூக்கிக் காட்டினேன். ஐயா சிரிச்சுட்டாரு. "ஓமோம், விளங்குது. ஸ்டோரில அந்தப் பேர் ஒண்டுதான் கிடக்கு"ன்னு பட்டியல்ல ஒரு வரியில விரல வச்சாரு. எனக்கு மூச்சு வந்துச்சு. அந்தப் பட்டியல் மாசச் சம்பளக்காரங்க பட்டியல்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ்ல இருக்குது. என் வீட்டுக்காரர் பேரு அதுல எந்த மூலையிலயும் இல்ல.

அப்புறம் ஐயா என்ன ஒரு மாதிரி ஏற எறங்கப் பாத்துட்டு, "நீ இந்தியாப் பிள்ளையெல்லோ?"ன்னு கேட்டாரு. ஆமாங்கய்யா, பட்டுக்கோட்டைப் பக்கம்னேன். கொரலத் தாழ்த்தி, "இந்தச் சங்கதி வீட்டில தெரியுமோ?"ன்னாரு. நான் ஆபீசுக்கு வந்த சங்கதியத்தான் கேக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு, தெரியாதுங்கய்யா, தெரிஞ்சா பெரிய ரகளையாயிரும், நீங்களும் சொல்லிப்புடாதீங்கன்னேன். நான் ஏன் பிள்ளை சொல்லப்போறன்னு சொல்லி, பாவம், எனக்கு பஸ் காசு வேணுமான்னு வேற கேட்டாரு. மனுசன் மனசுல ஓடின கதையே வேற.

பத்து நாள் ஒரு தகவலும் இல்ல. பதினோராவது நாள் ஞாயித்துக்கெழமை மத்தியானம் எங்க அறை வாசல்ல ஒரு பையன் வந்து நின்னான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சப்பாத்தக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னான். என் வீட்டுக்காரர் பாயிலேந்து எந்திரிச்சு, வாங்க தம்பின்னாரு. அப்பத்தான் எனக்குத் தெரியும் இதுதான் அம்பலவாணர்னு. அஞ்சு மாசமா நான் திட்டின ஆளு, என் சின்னத் தம்பி வயசு.

அவன் சட்டப் பையிலேந்து ஒரு கடுதாசிய எடுத்து தமிழ்ல சொல்லிக் காட்டினான். ஸ்டோர் கிராணி அம்பலவாணர் நேரங்காலம் பாக்காம ஒழைக்கிறதும், பாரம் தூக்கிக் குடலிறக்கம் வந்திருக்கிறதும் தலைமை ஆபீசுக்குத் தெரிய வந்திருக்கு, சம்பளத்துல இருவத்தஞ்சு வெள்ளி கூட்டியிருக்கு, ஆபரேசனுக்கு ஆறு வாரம் சம்பளத்தோட லீவுன்னு அதுல இருந்துச்சு. அதோட, ஏரம்பமூர்த்தி ஐயா அவன போன்ல கூப்பிட்டு, உன்ர மனுசி வந்து எல்லாம் சொன்னவ, பயப்பிடாத, கொம்மாவுக்குச் சொல்லமாட்டன்னு ரகசியமாச் சொன்னாராம். கல்யாணமே ஆகாத பையன் அவன். அம்மாவுக்குத் தெரியாம என்னைக் கட்டிக்கிட்டான்னு ஐயா நெனச்சிருக்காரு. யோசிச்சுப் பாத்து, வயித்தப் புடிச்சுக்கிட்டு மூட்டை தூக்குறவரு யாருன்னு கண்டுபுடிச்சு வந்திருக்கான்.

கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். வீட்டுக்காரர் என்னப் பாத்து, போனியான்னு மட்டும் கேட்டாரு. நான் நடந்தத அழுதுக்கிட்டே சொன்னேன், காலத் தூக்கிக் காட்டினது வரைக்கும். திட்டுவாருன்னு நெனச்சேன். அவரு, "அம்பலத்துல ஆடுற சாமின்னா அந்தத் தம்பி பேருதான் தங்கம். நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல"ன்னாரு. திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

பையன் முந்தின நாளே தலைமை ஆபீசுக்குப் போயிருக்கான், இது நான் இல்லன்னு சொல்ல. ஏரம்பமூர்த்தி ஐயாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சாம். விசாரிக்காம எழுதி துரைகிட்டக் கையெழுத்து வாங்கிட்டாரு, அடுத்த வருசம் பென்சன், இந்த நேரத்துல என்னக் காட்டிக் குடுத்துராதன்னு கெஞ்சியிருக்காரு. அப்படியே சொன்னாலும் இத ரத்து பண்ணுவாங்களே ஒழிய, நாள் கூலிக்கு லீவு குடுக்க மாட்டாங்க, அப்படி ஒரு சட்டமே இல்லன்னுட்டாராம். இதையெல்லாம் சொல்லிட்டு அம்பலவாணர் கடுதாசிய மடிச்சுப் பையில வச்சான். அப்புறம் இவருகிட்ட, "அண்ணை, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. செக்ரோல் என்ர கையிலதானே இருக்கு"ன்னான்.

செக்ரோல்ங்கிறது நாள் கூலிக்காரங்க வந்தாங்களா இல்லையான்னு தெனமும் குறி போடுற புத்தகம். அதுல குறி விழுந்தாத்தான் அன்னைக்குச் சம்பளம். ஸ்டோர் ஆளுக்கு அம்பலவாணர்தான் குறி போடணும். எனக்குக் குடுத்த லீவ அப்புறம் எடுத்துக்கிறேன்னு சொல்லிக்கிறேன், ஆறு வாரமும் நீங்க வந்ததாக் குறி போடுறேன், மூட்டைய நான் தூக்குறேன், வளையம் எது மூடி எதுன்னு இப்ப எனக்குத் தெரியும், நீங்கதானே காட்டிக் குடுத்தீங்கன்னான். இவரு முடியாதுன்னாரு. தெரிஞ்சா ஒங்க வேல போயிரும் தம்பின்னாரு. அதுக்கு அவன், "உங்களை அங்க ஆருக்குத் தெரியும் அண்ணை? பதினொரு வருசமாத் துரைக்கு உங்கட பேர் தெரியாது"ன்னான். ஒரு நையாண்டியும் இல்லாமச் சொன்னான், அவனுக்கே அதுல வெக்கம்.

அந்த நேரம் நான் என்ன பண்ணியிருக்கணும்? வேண்டாம்பான்னு சொல்லியிருக்கணும். நான் கதவுக்குப் பின்னாலேந்து வெளிய வந்து, சரி தம்பின்னு சொன்னேன். அவரு வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். எனக்கு என் புருசன் உசுரோட வேணும், வேலையும் வேணும். மத்தவன் பெத்த புள்ளைய யோசிக்கிற எடத்துல நான் இல்ல.

செவ்வாக்கெழமை ஊட்ரம் ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. வாரச் சம்பளத்த சாகுல் ஹமீது தவறாமக் கொண்டாந்து குடுத்தாரு, ஒரு நாள்கூடக் கொறையல. ரெண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் அம்பலவாணர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒரு டின் ஹார்லிக்ஸ் கொண்டாந்திருந்தான். அத வாங்கும்போது கையப் பாத்தேன். உள்ளங்கையெல்லாம் கொப்பளிச்சு, சீனிச் சாக்கு ஒரசின எடமெல்லாம் தோலு போயிருந்துச்சு. பேனா புடிக்கிற கை. அவன் போனதும் இவரு போர்வைய மொகத்துக்கு மேல இழுத்துக்கிட்டாரு.

இருவத்தி மூணாவது நாள் கம்பெனியில ஒரு மெசின் நின்னு போச்சு. ஏதோ பழைய அளவு ரப்பர் வளையம் வேணுமாம். அம்பலவாணர் ஸ்டோரையே பொரட்டிப் பாத்தும் கெடைக்கல. நிமிசத்துக்கு நிமிசம் நஷ்டம், துரை எறங்கி வந்துட்டாரு. அந்தச் சாமானெல்லாம் எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான், பரமசிவம்னு பேருன்னு மெசின் ஆளுங்க சொல்லியிருக்காங்க. துரை அவரக் கூப்பிடச் சொல்லியிருக்காரு. பதினோரு வருசத்துல முத தடவயா அந்த வெள்ளைக்காரன் வாயில என் வீட்டுக்காரர் பேரு வந்திருக்கு. செக்ரோல எடுத்துப் பாத்தா ஆளு வந்ததாக் குறி இருக்கு. ஆளத்தான் காணோம்.

சாயங்காலம் சாகுல் ஹமீது படியேறி வந்து எங்க வாசல்லயே உக்காந்துட்டாரு. "பையன வெளிய போகச் சொல்லிட்டாங்க லா"ன்னாரு. இவரப் பத்தி என்ன சொன்னாங்கன்னு நான் கேட்டேன். அதுதான் எனக்கு மொதல்ல வாயில வந்துச்சு, பையனப் பத்திக் கேக்கல. அம்பலவாணர் பழிய மொத்தமாத் தன் தலையில போட்டுக்கிட்டானாம். கம்பெனி லீவு குடுத்திருக்குன்னு நான்தான் பரமசிவத்துகிட்டப் பொய் சொன்னேன், அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு துரைகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டானாம். ஏரம்பமூர்த்தி ஐயா பேரையும் இழுக்கல. வேலைக்கு நல்லவர்னு ஒரு காயிதம்கூட அவனுக்கு எழுதிக் குடுக்கல. அது இல்லாம எந்தக் கம்பெனியும் கிராணியா எடுக்காது.

வீட்டுக்கு வந்து படுத்திருந்த மனுசன் அதக் கேட்டதும் எந்திரிச்சு சட்டைய மாட்டினாரு. தையல் இன்னும் முழுசா ஆறல. எங்க போறீங்கன்னேன். துரைகிட்டப் போறேன், எனக்கும் தெரியும்னு சொல்லப் போறேன்னாரு. அவரு வாயால ஒரு துரைகிட்ட ஒண்ணச் சொல்றேன்னு கெளம்பினது அன்னைக்கு ஒரு நாள்தான். நான் வாசல்ல குறுக்க நின்னேன். "பேசாம வாய மூடிக்கிட்டு இருங்க. நீங்க போய்ச் சொன்னா அந்தப் பையனுக்கு வேல திரும்பக் கெடைக்கவா போவுது?"ன்னேன். வருசக்கணக்கா வாயத் தொறங்கன்னு கத்தின நானேதான். அவரு சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு.

ஆறு வாரம் கழிச்சு வேலைக்குப் போனாரு. துரை கூப்பிட்டு, இனிமே ஸ்டோரு உன் பொறுப்புன்னாராம், ஏதோ புதுசாக் குடுக்குற மாதிரி. பேரேடு எழுத வாரத்துக்கு ரெண்டு நாளு தலைமை ஆபீஸ்லேந்து ஒரு பொண்ணு வரும். மேசை, நாற்காலி, காத்தாடி எல்லாம் அப்படியே இருக்கு, நீயே உக்காந்துக்கன்னாங்களாம். சம்பளம் நாள் சம்பளந்தான். அறுபத்தஞ்சுல கம்பெனிய மூடுற வரைக்கும் நாள் சம்பளந்தான். அந்த நாற்காலியில அவரு ஒரு நாளும் உக்காரல. காத்தாடியப் போட்டா தலைய வலிக்குதுன்னு சொல்லிருவாரு.

ஒரு மாசம் போனப்புறம் எனக்கு மனசு கேக்கல. தாடையில அறைஞ்சாலும் வாங்கிக்கிறதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு, இந்தத் தடவ இவருகிட்டச் சொல்லிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கிட்டு அவன் வீடு இருக்கிற கத்தோங் பக்கம் போனேன். சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயில் கிட்ட விசாரிச்சா வீட்டக் காட்டினாங்க. அவன் இல்ல. அவுங்க அம்மா கமலாம்பிகைதான் இருந்தாங்க. சரோஜினின்னு ஒரு தங்கச்சி, கல்யாண வயசு, உள்ளேந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. உங்க பையன் வேல பாத்த கம்பெனியில என் வீட்டுக்காரரும் வேல பாக்குறாருன்னு மட்டும் சொன்னேன். அந்தம்மா உக்காரச் சொல்லி டீ குடுத்தாங்க.

பையன் எங்கன்னு கேட்டேன். பூன் லே பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் எடை போடுற வேலையாம். அங்கயே தங்கிக்கிறானாம், சம்பளம் பாதிகூட இல்லையாம். சரோஜினிக்குப் பேசி வச்ச எடம், அண்ணனோட உத்தியோகம் போன கையோட நின்னு போச்சாம். உத்தியோகம் எப்படிப் போச்சுன்னு தெரியுமான்னு கேக்க எனக்கு நாக்கு எழும்பல. அந்தம்மாவே சொன்னாங்க.

"சம்பளம் காணாதெண்டு விட்டிட்டு வந்திட்டான். நூத்தித் தொண்ணூறு வெள்ளி காணாதாம். அங்க பரமசிவம் எண்டொரு மனுசன் இருக்கிறாராம். அரைவாசிச் சம்பளத்துக்கு இவன்ர வேலையையும் சேத்துச் செய்யிறவராம், ஒரு நாளும் வாய் திறக்கமாட்டாராம். இவனே தினமும் வந்து சொல்லுறவன். அந்த மனுசனைப் பார்த்தாவது உனக்குப் புத்தி வரேல்லையோடா எண்டு கேட்டன், பேசாமப் போயிட்டான். உங்கட வீட்டுக்காரருக்கு அவரைத் தெரியுமோ பிள்ளை?"

தெரியும்னு தலையாட்டினேன். நல்ல மனுசன்தானோன்னு கேட்டாங்க. அதுக்கும் தலையாட்டினேன். டீய முழுசாக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன், மீதி வச்சா அந்தம்மா தப்பா நெனைப்பாங்கன்னு.

சாயங்காலம் இவரு வேலையிலேந்து வந்ததும், தம்பி எப்படி இருக்காருன்னுதான் கேட்டாரு. நல்லா இருக்காராம், வேற ஒரு பெரிய கம்பெனியில இதவிடக் கூடச் சம்பளமாம்னு சொன்னேன். அவரு மொகம் எப்படித் தெளிஞ்சுதுன்னா, நீங்க பாத்திருக்கணும். ரெண்டு தடவ சோறு போட்டுக்கிட்டாரு. இப்ப அறுபத்தெட்டாம் வருசம், நாங்க தோ பாயோ அடுக்குமாடிக்கு வந்துட்டோம். இன்னைக்கும் யாராவது பழைய கம்பெனிய விசாரிச்சா, எங்க ஸ்டோர்ல ஒரு தம்பி இருந்தாரு, இப்ப பெரிய எடத்துல இருக்காருன்னு சொல்றாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், ஒண்ணும் சொல்றதில்ல.